அத்தையின் கார் விழித்த காலைகள்

அத்தை இறந்த பிறகும் அவருடைய கார் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மாமாவின் மனைவியான அவர் மன்னார்குடியில் ஆசிரியை. மின்சாரக் கார் அந்த ஊருக்கே அதுதான் முதல். காலையில் அவர் புறப்படும் நேரத்துக்கு, வாசல் கொட்டகையில் நின்ற காருக்குள் யாரும் தொடாமலே விளக்கு எரியும். ஏ.சி. மெல்ல இரையும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. காரியம் முடியும்வரை அம்மாவும் நானும் மாமா வீட்டிலேயே தங்கியிருந்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். பயமாக இருக்கும், பார்க்காமலும் இருக்க முடியாது. சனி, ஞாயிறுகளில் மட்டும் ஒன்றும் நடக்காது. "லீவு நாள்ல வரமாட்டா" என்று பெரியம்மா தாழ்ந்த குரலில் சொன்ன பிறகு வீட்டில் யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை. செத்த பிறகும் வேலைநாள் பார்த்து வருகிறவரை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? பெரியம்மா கார்க் கண்ணாடியில் விபூதி பூசினார். பதினாறாம் நாள்வரை அவள் பொருளைத் தொடக்கூடாது என்று காரை நகர்த்தவும் விடவில்லை.

பதினாறாம் நாள், அத்தையின் காரிலேயே ஆற்றங்கரைக்குப் போகவேண்டும் என்றார் மாமா. அத்தனை நாளில் அவர் கேட்ட ஒரே விஷயம் அது. அன்று வேலைநாள்தான், ஆனாலும் காலையில் கார் விழிக்கவில்லை. ரிமோட் சாவியை அழுத்தினார். கதவுகூடத் திறக்கவில்லை.

"அவளுக்கு இஷ்டமில்ல தம்பி, விட்டுடு" என்றார் பெரியம்மா. மாமா திரும்பத் திரும்பச் சாவியை அழுத்துவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் சாவிக்குள்ளிருந்து சின்ன இரும்புச் சாவி ஒன்றை உருவிக் கதவைத் திறந்தார். ஓட்டுகிற பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதாம். காரை எழுப்பிவிடும் சின்ன பேட்டரிதான் தீர்ந்துவிட்டதாம். வேறொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்ததும் உள்ளே திரை ஒளிர்ந்தது. அதைச் சற்று நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஏ.சி.க்கு டைம் செட் பண்ணியிருக்காங்க சார். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும். வண்டிய ஓட்டாம நிறுத்திட்டீங்க. தினம் இது முழிச்சு முழிச்சே சின்ன பேட்டரி இறங்கியிருக்கு."

"கோடையில வச்சா" என்றார் மாமா. "ஏறினதும் குளுகுளுன்னு இருக்கணும் அவளுக்கு."

"எடுத்துடவா சார்?"

"மொதல்ல அத எடுப்பா" என்று பெரியம்மா முந்திக்கொண்டார். பேய் இல்லை என்று ஆனதில் எனக்கும் நிம்மதி.

மாமா திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். "இருக்கட்டுங்க. தினம் ஓட்டிக்கிறேன்."

அன்று அந்தக் காரில்தான் ஆற்றங்கரைக்குப் போனோம்.

அடுத்த திங்கட்கிழமை, நாங்கள் ஊருக்குக் கிளம்பவிருந்த காலை, மார்கழிப் பனி வயலை மூடியிருந்தது. கொட்டகையில் விளக்கு எரிந்தது, ஏ.சி. இரைந்தது. இந்த முறை காருக்குள் ஓர் உருவம். ஜன்னலை விட்டுப் பின்வாங்கினேன். பிறகுதான் அது மாமா என்று தெரிந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டியரிங் இருக்கையைக் காலியாக விட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஏ.சி. அடங்கும்வரை இறங்கவில்லை.

இந்தக் குளிரில் மாமாவுக்கு அப்படி என்ன வேர்க்கிறது என்றுதான் அன்று நினைத்தேன்.