யாருக்கு மிச்சம்?

அந்தச் சலவைக்கூடத்தில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்தபின், அவற்றைச் சூடேறிய இஸ்திரி உருளைகளுக்குள் சுருங்காமல் செலுத்துவது அவள் வேலை. எதிர்ப்பக்கம் நின்று வாங்கி மடிப்பவள் அவளுடைய தோழி. விசிறி ஓடினாலும் அங்கே காற்று சுடும். பட்டாசு அதைப் பொறுத்துக்கொள்வாள். ஏமாற்றினால் பொறுக்கமாட்டாள்.

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். "இனிமே நீங்க யாருக்கும் வேலைக்காரங்க இல்ல. ஒவ்வொருத்தரும் ஒப்பந்தக்காரங்க. உங்களுக்கு நீங்களே முதலாளி!"

கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் வேலை என்றதால் போட்டார்கள். முதலாளிகள் ஆன பிறகும் வாசலில் அதே மேனேஜர் நின்று, தாமதமாக வந்தவளைத் திட்டினார். விடுப்புச் சம்பளம் போயிற்று. காப்பீடு போயிற்று. கையுறை கிழிந்ததென்று கேட்டால், "சொந்தமா வாங்கிக்கங்க" என்றார்.

பட்டாசு வாங்கிய மலிவுக் கையுறை உருளையில் ஒட்டிக்கொண்டது. வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

"ஒப்பந்தக்காரங்களுக்கு நாங்க வைத்தியம் பாக்க முடியாதும்மா" என்று போனை வைத்துவிட்டார் மேனேஜர்.

வீட்டில் ஒப்பந்தத்தை நாத்தனாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நாத்தனாரும் வேறொரு கூடத்தில் இதே வேலை பார்த்தவள்தான். ஓரிடத்தில் அவள் நிறுத்தினாள்.

"அண்ணி, வேற ஆள வெச்சும் வேலைய முடிக்கலாம்னு போட்டிருக்கே! உங்களுக்குப் பதிலா நான் போறேன். என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

மேனேஜர் அவளை வாசலிலேயே மறித்தார். "நீ யாரு? நாங்க எடுத்த ஆள்தான் உள்ள வரணும். கிளம்பு, கிளம்பு!"

தோழி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

பட்டாசு தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணையில் மேனேஜர் கூசாமல் கணக்குச் சொன்னார்: "வேலைக்காரங்கன்னா சம்பளத்துக்கு மேல மூணுல ஒரு பங்கு செலவு சார். லீவு, காப்பீடு, கையுறை... ஒப்பந்தம்னா அவ்வளவும் மிச்சம்."

பட்டாசு விருட்டென்று எழுந்து கைக்கட்டைப் பிரித்தாள்.

"மிச்சமாம்ல, மிச்சம்! அந்தச் செலவு எங்கயும் போகல சார். என் கைமேல வந்து விழுந்திருக்கு, நல்லா பாருங்க! நான் முதலாளின்னா, நான் அனுப்புன ஆள எதுக்கு விரட்டுனாரு?"

"அந்தம்மாவ நாங்க வேலைக்கு எடுக்கல சார்" என்றார் மேனேஜர்.

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப இவங்கள எடுத்தது நீங்கதானே?"

மேனேஜர் ஒப்பந்தத்தை அவசரமாகப் புரட்டினார். தன் வேலை போனாலும் போகட்டும் என்று தோழி வந்து, வாசலில் கேட்டதைச் சொன்னாள்.

பட்டாசு வேலைக்காரிதான் என்று தீர்ப்பானது. வைத்தியச் செலவும், படுத்திருந்த நாட்களின் சம்பளமும் நிறுவனத்தின் தலையில் விழுந்தன. மற்றவர்களின் ஒப்பந்தங்களும் ரத்தாயின. கூடத்தில் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. மகளுக்கு அவள் போட்டுவந்த பின்னலை இப்போது அவள் கணவன்தான் போடுகிறான், கோணல்மாணலாக. மகள் சிரிக்கிறாள். பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.