நாச்சிமுத்து ஊற்றிய எண்ணெய்

அருள்புரத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் நாச்சிமுத்து இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர். மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த ஊசி ஒடிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையோடு ஒரு வாயும் சேர்ந்தே பிறந்திருந்தது. யாராவது குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் போதும், எரிந்து விழுவார். மனுஷன் தங்கம்தான், அந்த வாயை மட்டும் கழற்றி வைத்துவிட்டால் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

அவருடைய பைக்கை எந்த மெக்கானிக்கும் தொட்டது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் வாசலில் சாக்கை விரித்து, ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு டப்பா நிட்டிங் ஆயில் இருக்கும். மிஷினுக்கு ஊற்றுகிற, தண்ணீர் போன்ற எண்ணெய். இந்தத் தொழிலில் இருக்கிற வீடுகளில் அதுதான் சகல ரோக நிவாரணி. கதவு கிறீச்சிட்டால் அது, தையல் மிஷின் இறுகினால் அது, ஃபேன் முனகினாலும் அதுவேதான்.

ஒரு ஞாயிறு பார்த்தபோது, ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் கிண்ணத்தில் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஸ்பேர் கடை லீவு. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று நாச்சிமுத்து நிட்டிங் ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றி மூடினார். அவர் மனைவி சாரதாமணி பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதே கம்பெனியில், துணியில் கறை, ஓட்டை பார்க்கிற செக்கிங்கில் இருப்பவள். அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போனாள்.

பத்தாம் நாள் காலை இருவரும் பல்லடம் ரோட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி திணறியது. கருகிய வாசம் வந்தது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. முன்சக்கரம் தானாக இறுகிப் பிடித்துக்கொண்டது. வண்டி ஆடிப் போய் ஓரத்து மண்ணில் சரிந்தது. பின்னால் வந்த பஸ் ஹார்னை அலறவிட்டபடி, விழுந்து கிடந்த சாரதாமணிக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அவளுக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி.

பிரேக்கின் சூடு ஆறிச் சக்கரம் இளகியதும் வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பிரித்துப் பார்த்தார். பிரேக்குக்குள் இருந்த ரப்பர்களெல்லாம் ஊறி உப்பிக் கிடந்தன. உப்பிய ரப்பர் அடைத்துக்கொண்டால் பிடித்த பிரேக் எப்படி விடும்? என்ன செய்திருக்கிறோம் என்று அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"நாந்தான் சாரதா. பிரேக்குக்கு நிட்டிங் ஆயில ஊத்திப்போட்டேன். வண்டி மேல தப்பில்லே."

முழங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தெரியுமுங்க."

"எப்பிடித் தெரியும்?"

"ஊத்தறப்பவே பாத்தனுங்க. பொழுதுக்கும் துணியில அந்த எண்ணெக் கறையத்தான பாத்துக் கழிச்சுட்டிருக்கறேன், வாசமே போதுமுங்க. இது ஆகுமான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா உழுந்து புடுங்குவீங்கன்னு உட்டுட்டேன். பத்து நாளும் பயந்துட்டேதான் பொறவால ஒக்காந்து வந்தேன்."

உயிர் போகிற காரியத்தில்கூட ஒரு வார்த்தை கேட்க முடியாதபடிக்கா அவளை வைத்திருந்தோம் என்று நினைத்தபோது, பஸ்ஸைவிட அதுதான் நாச்சிமுத்துவைப் பயமுறுத்தியது.

அடுத்த ஞாயிறு ரப்பர், ஓஸ் குழாய் எல்லாம் புதிதாக மாற்றி, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து பிரேக் ஆயில் ஊற்றினார். உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும்; கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பிரேக் மெத்தென்று அமுங்கும், சரியாகப் பிடிக்காது. ஒருவர் பிரேக்கை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கீழே நட்டைத் திறந்து மூட வேண்டும். எப்போதும் தனியாகவே மல்லுக்கட்டுகிறவர், அன்று அவளைக் கூப்பிட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்று வந்து பிரேக்கை அமுக்கினாள். நட்டில் மாட்டிய குழாயில் குமிழி குமிழியாக வந்தது. ஏழெட்டுத் தடவை ஆனதும் குமிழி நின்றது.

"அவ்வளவுதான், முடிஞ்சுது," என்று நாச்சிமுத்து எழப் போனார்.

அவள் கையை எடுக்கவில்லை. தயங்கித் தயங்கி, "இன்னும் மெத்துன்னு இருக்கறாப்பல இருக்குதுங்க," என்றாள்.

அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. விழுங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து நட்டைத் திறந்தார். குழாயில் கடுகளவு குமிழி ஒன்று வந்தது.

நாச்சிமுத்து நட்டை இறுக்கி மூடினார். பிறகு, "மறுக்கா அமுக்கு சாமி. நீ போதும்னாத்தான் நிறுத்துவேன்," என்றார்.