பன்றிக்குட்டிகளின் குளிர்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் மாலதி தொலைபேசியில் அழைத்தாள். “டாக்டர் சிவபாலன் போயிட்டாருலா, அக்கா.” எனக்கு உடனே அழுகை வரவில்லை. “யார் பார்த்தது?” என்றுதான் கேட்டேன். அவரை அறிந்த உங்களுக்கு இது புரியும். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாண வம்சாவளிக்காரர், எங்கள் கூடத்தின் கால்நடை மருத்துவர். பாசாரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, அடுத்த கடைக்குப் போய் முதல் கடை மீனைப் பற்றி விசாரிப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மண்டபத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை ‘சந்தேகம் சிவபாலன்’ என்போம். அவருக்கும் அது தெரியும்.

செமினிக்கு அப்பால் இருந்த எங்கள் கூடத்துக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆறு பன்றிக்குட்டிகளை அனுப்பியது. மனிதரின் நரம்பைத் தின்னும் நோய் ஒன்றின் மரபணுவைக் கருவிலேயே சேர்த்திருக்கிறோம் என்றார்கள். குட்டிகளுக்கு அந்த நோய் வந்தால் மருந்தை அவற்றுக்கே கொடுத்துப் பார்க்கலாம். எனக்கு அது வெறும் வேலையில்லை. அப்பா அந்த நோயில்தான் போனார். கிள்ளானில் என் தம்பி குமாருக்கும் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பன்றியைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மா வாசலிலேயே தண்ணீர் வாளி வைத்திருப்பார். தம்பிக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஆறு குட்டிகளும் நடுங்கின. வெளிக் கொட்டிலில் இருந்த சாதாரணக் குட்டிகளுக்கு ஒன்றுமில்லை. ‘நடுக்கம் தொடங்கிவிட்டது’ என்று சந்தோஷமாகப் பதிவேட்டில் எழுதினேன். டாக்டர் வந்தார், தன் பழுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு. அந்த அறைக்குள் நாங்கள் எல்லோருமே ஸ்வெட்டர் போடுவோம். விலை உயர்ந்த வெளிநாட்டுக் குட்டிகள், நம் வெயில் ஆகாது என்று அவற்றை ஏர்கோன் அறையில் வைத்திருந்தோம். அவர் ஏர்கோனை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் நின்றது.

“குட்டியளுக்குக் குளிர், பிள்ளை. வருத்தம், நோய் எண்டு ஒண்டும் இல்லை.”

“அவங்க ஜெயிச்சா உங்களுக்குப் பொறாமை, டாக்டர். என் தம்பி சாவட்டும்னு இருக்கீங்க!”

குட்டிகளுக்கு நோய் வந்துவிட்டது என்ற அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நிறுவனம் குட்டிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. வேறு யாரிடமோ கை நீட்டிப் பணம் வாங்கிவிட்டார் என்று மாலதியிடம் நானே சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பல மாதங்கள் அவரோடு பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் கிள்ளான் வீட்டுக்கு வந்து நின்றார். குமாரின் எதிரே உட்காருமுன் சுவரருகே போய் ஃபேனை நிறுத்தினார். “என்ன அங்கிள், இந்த வெயில்லயா?” என்றான் குமார். அம்மா கொடுத்த தேநீரைத் தொடாமல், சட்டை நனைய நனைய, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுக்கம் நிற்கவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டார்.

“இதுவும் குளிரா இருக்கக்கூடாதோ எண்டு பாத்தன், பிள்ளை,” என்றார். அன்றுதான் நான் அவரை நம்பினேன்.

அதற்குப் பிறகு பத்திரிகையில் எந்த மருந்தைப் பற்றி வந்தாலும் குமார், “டாக்டர்கிட்ட கேளுக்கா,” என்பான். டாக்டரின் இறுதிச் சடங்கு முடிந்து வந்து அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். இப்போது அவனால் கோப்பையைப் பிடிக்க முடிவதில்லை. “இனிமே யாரு அக்கா ஃபேனை நிறுத்திப் பாப்பாங்க?” என்றான்.

“நான் பாக்கறேன்லா,” என்றேன்.

நேற்று கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அதே நோய்க்குப் புது மருந்து, அற்புதமான பலன் என்று எழுதியிருக்கிறார்கள். நம்ப ஆசையாக இருந்தது. குமாரின் முகம்தான் கண்முன் நின்றது. பென்சிலை எடுத்து, கடிதத்தின் மேல் ஓரத்தில் எழுதினேன்: யார் பார்த்தது?