எஸ்தருக்குக் கிடைத்த இடம்

சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்காக விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. "எஸ்தர் மேடம் காலையில போயிட்டாங்க சார்" என்றார் நண்பர். சற்று நிறுத்தி, "பொருளாதாரத்துல வெளிநாடு போயி டாக்டர் பட்டம் வாங்குனது நம்ம காலேஜுல அவங்க ஒருத்தவங்கதான்" என்றார். அந்தத் துக்கத்திலும் அவருடைய இரண்டாவது வாக்கியம் என்னைக் குத்தியது. எஸ்தரை அறிந்து, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களிடம் அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

நான் பொருளாதார ஆசிரியன். எஸ்தர் அடுத்த கட்டடத்தில் செராமிக் பாடம் நடத்தியவர். உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் தேடிய ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை ஆசிரியர் அறையில் நான்தான் வாசித்துக் காட்டினேன். பொருளாதாரத்தை வேறொரு துறையோடு சேர்த்து ஆராய வேண்டும் என்றிருந்தது. "செராமிக்காரங்களும் போடலாமாங்க?" என்று கேட்டார். "தாராளமா போடுங்க" என்றேன். அவர் எனக்குப் போட்டியாவார் என்று நினைத்திருந்தால் அவ்வளவு தாராளம் வந்திருக்காது.

இருவரும் விண்ணப்பித்தோம். சந்தைக் கோட்பாடுகளை நான் பக்கம் பக்கமாக எழுதினேன். பீங்கான் பொம்மை செய்யும் சிறு பட்டறைக்காரர்கள் ஒரே சூளையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது யாருடைய சரக்கு முதலில் வேகிறது, காத்திருப்பவருக்கு என்ன நட்டம் என்று அவர் எழுதினார். இடம் அவருக்குக் கிடைத்தது. வழியனுப்பு விழாவில், "அறிவிப்பக் காட்டினதே சார்தான்" என்று மேடையில் சொன்னார். எல்லோரும் எனக்காகக் கைதட்டினார்கள். பந்தி பரிமாறிவிட்டுப் பசியோடு கை கழுவியவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

அவர் பட்டம் பெற்றுத் திரும்பியபின், அவர் அறை வாசலில் 'டாக்டர்' என்று மாட்டிய பெயர்ப்பலகையைத் தாண்டிப் போக மனமில்லாமல் நூலகத்துக்குச் சுற்றுவழியில் போனேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் என் அடுத்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"விலை இருக்குது, சந்தை இருக்குது. மனுசங்களத்தான் காணோம் சார்."

என் பாடத்தை எனக்கே சொல்லித்தருகிறாரே என்று எரிந்தது. அந்த வாரம் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமமான மங்களூருக்குப் போனபோது, வயலில் மருந்தடித்துத் தலைசுற்றிப் படுத்திருந்தார் என் அண்ணன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "போனா இன்னிக்கி வேலை கெட்டுடும்டா" என்றார். அண்ணி திட்டித் தீர்த்தும் அசையவில்லை. உழவர் வீட்டில் மருத்துவம் ஏன் கடைசிச் செலவாகிறது என்ற கேள்வியோடு விண்ணப்பத்தை மாற்றி எழுதினேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறையில் உதவித்தொகையோடு ஆய்வுக்கு இடம் கிடைத்தது.

அதைச் சொல்ல எஸ்தரின் வீட்டுக்குப் போனேன். நோய் அப்போதே அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு நொடி பொறாமையைப் பார்க்க விரும்பினேன். எனக்கு வரவேண்டிய பாக்கி என்றே நினைத்தேன்.

அவரோ எழுந்து உட்கார்ந்து, "என்னங்க, இங்க வாங்க, சாருக்குக் கெடச்சிருச்சு" என்று கணவரைக் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தன வருசமா எம்மேல பொறாமையா இருந்தீங்க, தெரியும். இனிமே டீ குடிக்க வருவீங்க இல்ல?"

போனேன், அவரால் பேச முடிந்தவரை.

அவருடைய பட்டத்தின்மேல் இருந்த பொறாமை, நண்பரின் வாக்கியம் இன்று தட்டிப்பார்த்த பழைய தழும்பைத் தவிர, அன்றோடு தீர்ந்தது. அடுத்தவருக்குக் கிடைத்ததைத் தனக்கே கிடைத்ததுபோல் கூவிச் சொல்ல முடிந்த அந்த மனத்தின்மேல் வேறொரு பொறாமை பிடித்துக்கொண்டது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதைத்தான். இதை மட்டும் ஆறவிட மாட்டேன்.