அடிவாரத்து மேடுகள்

என் தம்பி கிரண்குமார் நடக்கிற வழியில் கல் கிடந்தால் தாண்டிப் போக மாட்டான். குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் போவான். எங்கள் நைனா வேதாச்சலம் செருப்பு போடாதவர். ஒருநாள் கழனியிலிருந்து வரும்போது கல் தடுக்கி, கட்டைவிரல் நகம் பெயர்ந்து, ரத்தம் ஒழுக ஒழுக வீட்டுக்கு வந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து இவனுக்கு அந்தப் பழக்கம். பள்ளிக்கூடத்து வழியிலும் எடுப்பான், பஸ் ஸ்டாண்டிலும் எடுப்பான். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக மண்டபத்துக்கு நடந்து வரும்போதுகூடக் குனிந்தான். தலைப்பாகை கழன்று விழுந்தது. பெண் வீட்டார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பழக்கம்தானே என்று நானும் சிரித்தேன்.

எங்கள் காலனி ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்கு மேற்கே மலையை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு ஒரு காலத்தில் ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தம் கிடையாது. நைனா மற்றவர்கள் கழனியில் ஏர் ஓட்டினார், வரப்பு கழித்தார். அம்மா செல்லியம்மா தன் தாய்வீட்டு ஊரில் காய்ச்சலில் போனாள், அங்கேயே புதைத்தார்கள். அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பார்க்க ஆள் இல்லை, நின்றுவிட்டேன். தம்பியை நைனா நிறுத்தவில்லை. ஆறாவதிலிருந்து ஹாஸ்டல், பிறகு திருப்பதியில் இன்ஜினியரிங், பிறகு சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. ரெண்டாயிரத்து நாலில் அமெரிக்கா போனான். மலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், "எம் புள்ள போய்க்கினு கீறான் பாரு" என்பார் நைனா. அது எந்த ஊர் விமானமோ.

அவர் இறந்தபோது அவனால் வர முடியவில்லை. விசா மாறிக்கொண்டிருந்த நேரம். கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். போனில் அவன் அழுதது இங்கே எல்லாருக்கும் கேட்டது. சித்தப்பா ஏகாம்பரம்தான் மகன் இடத்தில் நின்று எல்லாம் செய்தார்.

எங்கள் வழக்கத்தில் சமாதி கட்டுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. புதைத்த இடத்தில் மண்ணை மேடாகக் குவித்து, தலைமாட்டில் மலையிலிருந்து எடுத்த ஒரு கல்லை நட்டு வைப்பார்கள். யாருடைய கல் எது என்று அந்தந்த வீட்டு ஆண்களுக்குத் தெரியும். பொங்கல் முடிந்த மறுநாள் கூடையில் மண் கொண்டுபோய், மழையில் கரைந்த மேட்டை மறுபடி உயர்த்துவார்கள். மற்ற நாளில் ஆண்களும் போக மாட்டார்கள். பெண்களும் சின்னப் பிள்ளைகளும் அங்கே போவதே இல்லை. ஆடு மேய்த்த காலத்தில் நான் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

நைனா போய் ஆறு மாதம் கழித்து கிரண் வந்தான். சித்தப்பா வீட்டு முன்னால் நின்று மலைப் பக்கம் கையை நீட்டி, "அங்கதான்டா உங்க நைனா" என்றார். அவன் நின்ற இடத்திலிருந்தே விழுந்து கும்பிட்டான். அடுத்த வருஷம் புதிதாக வந்த கம்பெனிகளுக்குச் சாலை போட்டார்கள். பழைய இடுகாட்டுக்குப் போகிற வழி அடைபட்டது. அதே திசையில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், அரசாங்கம் எங்களுக்குப் புது இடுகாடு கொடுத்தது. இரும்பு வளைவு, தண்ணீர்க் குழாய், சிமென்ட் மேடை எல்லாம் உண்டு. பழைய இடத்தை வேலிகாத்தான் முள் மூடிக்கொண்டது. ஆண்கள் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வரப்பு வழியாகச் சுற்றிப் போய் வருவார்கள். கிரண் பொங்கலுக்கு வந்ததே இல்லை. சென்னைக்கே திரும்பி வந்த பிறகும் பொங்கலென்றால் வேலூரில் மாமியார் வீடு. மற்ற நாளில் வரும்போது கால்வாயோரம் கார் கண்ணாடியை இறக்கி, அந்த இரும்பு வளைவைப் பார்த்துக் கும்பிடுவான். நைனா அங்கே இருக்கிறார் என்று நினைத்துத்தான் அவன் கும்பிடுகிறான் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சென்னையில் அவனுக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்தது. முரட்டு டயர் வைத்த மலை சைக்கிள். எங்கள் மலை உச்சியில் செல்போன் டவர் வைக்க அந்தப் பக்கமாக மண்சாலை போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஆடு போகிற ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் இறங்கி வருவதற்கென்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நண்பர்களோடு வர ஆரம்பித்தான். சாப்பாடு எங்கள் வீட்டில்.

ரெண்டாயிரத்துப் பதினைந்தில், ஒரு புரட்டாசி ஞாயிறு. வாசல் பந்தலில் நாலு பேருக்கு இலை போட்டிருந்தேன். தம்பி. சென்னையில் பல் டாக்டராக இருக்கும் பத்மினி. பெங்களூரில் வேலை பார்க்கும் தெலுங்குக்காரர் கிருஷ்ணப்பா. நாலாவது, பக்கத்து ஊர் கோவர்த்தனன். லோடு வேன் வைத்திருக்கிறவர், மாங்காய் சீசனில் பங்காருபாளையத்து மண்டிக்கு லோடு அடிப்பார். மற்ற நாளில் இவர்கள் சைக்கிளை ஏற்றிக்கொண்டு டவர் சாலை வழியாக உச்சியில் விடுவார்.

வந்தால் எப்போதும் அதே சண்டைதான். மிதித்து ஏறுவதா, வேனில் ஏறுவதா.

"வேன்ல மேல போய் எறங்கறதுக்கு சைக்கிள் எதுக்கு கிருஷ்ணப்பா? ஒரு பலகையில சக்கரம் வச்சி உக்காந்து வந்துடலாமே" என்றாள் பத்மினி.

"ஏமண்டி, மிதிச்சி மேல போய் சேர்றதுக்குள்ள நாக்கு தொங்கிடுது. நீங்க ஒரு தடவ ஏறி, ஒரு தடவ எறங்கி, வீட்டுக்குப் போய் கால் அமுக்கிக்குவீங்க. வேன்னா ஆறு தடவ எறங்கலாம்."

"ஆறு தடவ எறங்கினா பாதையும் ஆறு மடங்கு தேயும். அந்த ரெண்டாவது வளைவப் பாத்தீங்களா? எல்லாரும் பிரேக் புடிச்சிப் புடிச்சி வாய்க்கால் மாதிரி ஆயிடுச்சி. மழை பெஞ்சா தண்ணி மொத்தமும் அதுலதான் ஓடும். யார் ரொப்புறது? வேனா?"

"ஏறுங்க மேடம், ஏறுங்க" என்றார் கோவர்த்தனன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "முட்டி கழண்டுச்சின்னா புத்தூர் கட்டுக்கு நம்ம வண்டிதான் வரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கிரண் கையை உயர்த்தினான்.

"ரெண்டு பேர் சொல்றதும் ஞாயம்தான். வேன் இருக்கட்டும். ஆனா வேன்ல ஏறுறவன் மம்புட்டியும் புடிக்கணும். பாதைய சரி பண்ணிட்டுதான் எறங்கறது. இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

"உங்கள மறுபடி ஏத்திக்க கீழ வந்தா வண்டி திரும்ப எடம் வேணுமே சார். போன வாரம் மலைய சுத்தி வர்ற வண்டித்தடத்துல ரிவர்ஸ்லயே அரை மைல் வந்தேன்."

"எடம் கீது. பாதை முடியற எடத்துல ஒரு முள்ளுக்காடு. யாருக்கும் சொந்தமில்ல. முள்ள வெட்டினா வேன் தாராளமா திரும்பும். உள்ள மேடு மேடா வேற கீது கிருஷ்ணப்பா, சைக்கிள் தாண்டறதுக்குன்னே போட்ட மாதிரி."

எனக்கு ரசக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவன் சொன்ன இடம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இலையில் கை வைத்திருப்பவர்கள் காதில் சுடுகாடு என்ற சொல் விழக் கூடாது. எங்கள் வீடுகளில் சோறு போடுகிறவள் அதைச் சொல்லவே மாட்டாள். அதுவும் வெளியூர்க்காரர்கள் முன்னால்.

"அங்க வேணாம்டா" என்றேன்.

"ஏன்க்கா, பாம்பா?"

"பாம்பு இல்ல. நீ துன்னு. அப்புறம் சொல்றேன்."

"அக்காவுக்கு பயம்" என்று கிருஷ்ணப்பா சிரித்தார். பத்மினி மட்டும் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

நான் இலைகளை எடுத்துப் பின்பக்கம் போட்டுவிட்டு வருவதற்குள் வேன் தெருமுனையைத் தாண்டியிருந்தது. பின்னால் மண்வெட்டிகள் குலுங்கும் சத்தம் கேட்டது. போன் அடித்தேன். கிரண் போன் பந்தலில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்திலேயே அடித்தது.

சித்தப்பாவைக் காலனியெல்லாம் தேடி, தூரத்துக் கழனி பம்ப் ஷெட்டில் பிடிப்பதற்குள் ரெண்டு மணி நேரம் ஓடிவிட்டது. மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"பெத்த புள்ளைக்கு நைனா படுத்துகினு கீற எடம் தெரியாதா? வேற ஏதோ முள்ளுக்காட்ட சொல்லியிருப்பான்."

"மேடு மேடா கீதுன்னான் சித்தப்பா."

அவர் துண்டைக்கூட எடுக்காமல் கிளம்பினார். அவருக்கு முட்டி வலி. வரப்பில் வேகமாக நடக்க முடியாது. அவரை விட்டுவிட்டு ஓடவும் எனக்குத் தைரியம் வரவில்லை. நான் அங்கே போகக் கூடாதவள். பாதி வழியில் முள் வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. நின்றதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முள் முழுவதும் ஒரு பக்கம் குவிந்திருந்தது. வேன் வட்டமடித்து நின்றிருந்தது. மேடுகள் எல்லாம் மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டப்பட்டு, தண்ணீர் தெளித்து, வழவழவென்று இருந்தன. ஒரு மேட்டின் தலைமாட்டிலும் கல் இல்லை. கல் எல்லாம் பாதையோரம் வரிசையாக அடுக்கிக் கிடந்தது, மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுவதற்கு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணப்பா மேலேயிருந்து சைக்கிளில் வந்து, முதல் மேட்டில் ஏறி, காற்றில் எழும்பி, அடுத்த மேட்டின் மேல் இறங்கினார். பத்மினி கை தட்டினாள்.

நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

கிரண் எங்களைப் பார்த்ததும் நெற்றியெல்லாம் மண்ணோடு ஓடி வந்தான். "சித்தப்பா! வாங்க வாங்க. பாத்தீங்களா, தயாராவே இருந்துச்சி. நாங்க சும்மா தட்டி உட்டோம், அவ்ளோதான். நடுவுல கல்லுதான் தொந்தரவு. எல்லாத்தையும் நானே புடுங்கிப் போட்டேன்."

சித்தப்பா அவனைப் பார்க்கவில்லை. மேடுகளைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"தம்பி, நைனா இங்கதான்டா கீறாரு" என்றேன். நாலு பேர் முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க?"

"இங்க."

"நைனா கால்வா பக்கம் இல்ல..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். தன் காலைப் பார்த்தான். ஒரு மேட்டின் சரிவில் நின்றுகொண்டிருந்தான். நெருப்பை மிதித்தவன் போலத் துள்ளி இறங்கினான். இறங்கிய இடமும் இன்னொரு மேட்டின் ஓரம்.

"எது சித்தப்பா?" என்று கேட்டான். குரல் ஹாஸ்டலுக்குப் போகும்போது இருந்த குரலாக இருந்தது.

"கல்ல வச்சிதான்டா எனக்குத் தெரியும்" என்றார் சித்தப்பா.

கோவர்த்தனன் வேனிலிருந்து இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார், ஷூவைக் கழற்றினார். "க்ஷமிஞ்சண்டி" என்று தெலுங்கில் மன்னிப்புக் கேட்டுச் சித்தப்பாவைக் கும்பிட்டார். பத்மினி போனை எடுத்து, கல் இருந்த இடம் தெரிகிற மாதிரி காலையில் எடுத்த படம் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. முள் மட்டும்தான் தெரிந்தது.

சித்தப்பா பாதையோரம் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்தார். அதில் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியது. அதுதான் நைனாவுடையது. அதைக் கொண்டுபோய் ஒரு மேட்டின் தலைமாட்டில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, எடுத்து அடுத்த மேட்டில் வைத்தார். அங்கேயும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. பிறகு கல்லோடு நடுவில் உட்கார்ந்துவிட்டார். கிரண் அவர் எதிரில் மண்டியிட்டான். அழவில்லை. மேடுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான், எதிலிருந்தாவது ஒரு குரல் வரும் என்பது போல.

பொழுது சாய்வதற்குள் காலனி ஆண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் வீராசாமி. அவர் மனைவி கங்கம்மாவும் அங்கேதான். வந்தவர் மண்ணில் டயர் தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"எங்க கங்கம்மா மேல எவன்டா சைக்கிள் உட்டது?"

மண்டியிட்டிருந்தவன் எழுந்து வந்தான்.

"நாந்தான் மாமா. நாந்தான் எடத்தக் காட்டினேன்" என்றான் கிரண்.

"உங்க நைனாவத் தூக்க நீ வர்ல. நாங்க தூக்கினோம். அதுக்கு ஒரு வார்த்த கேட்டோமா உன்ன? எம் பொண்டாட்டிய நீ எதுக்குடா தொட்ட?"

தெரியாமல் செய்துவிட்டான் என்று சித்தப்பா சொன்னார். அதைக் கேட்டதும்தான் வீராசாமிக்கு இன்னும் கோபம் வந்தது. "தெரியாதா? பெத்தவன் எடம் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே அவன் பக்கம் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சைக்கிளைத் தூக்கி முள்குவியலில் எறிந்துவிட்டு, கல் வரிசைக்கு வந்து, தன் மனைவியின் கல்லைத் தேடி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஒரு வாரம் கிரண் வேலைக்குப் போகவில்லை. முள்ளை வைத்தே சுற்றிலும் வேலி கட்டினான். டயர் தடங்களைக் கையால் தடவி அழித்தான். கல்யாணமான பெரிய மனுஷன் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டான். ஒரு நாள் மட்டும், "நீ சொல்ல வந்தியேக்கா" என்றான். நான் மோர் ஊற்றினேன்.

இப்போது அந்தப் பாதை பழைய இடுகாட்டுக்கு ரொம்ப மேலேயே திரும்பி, காலனிக்குக் கிழக்கே வந்து சேர்கிறது. வேன் திரும்ப இடம் இல்லாததால் வேன் வருவதில்லை. ஏற முடிந்தவர்கள் மட்டும் வருகிறார்கள். பத்மினியும் இன்னும் சிலரும். மழைக்கு முன்னால் வந்து பள்ளங்களை ரொப்பிவிட்டுப் போவார்கள். கிருஷ்ணப்பா வரவில்லை. கோவர்த்தனன் மாங்காய் லோடோடு நிறுத்திக்கொண்டார். கிரண் சைக்கிளை விற்றுவிட்டான். பொங்கலுக்குத் தவறாமல் வருகிறான். எது தன் நைனாவுடையது என்று தெரியாததால் எல்லா மேட்டுக்கும் மண் போடுகிறான். கல்லை எங்கே நடுவது என்று இன்றுவரை தெரியவில்லை. அது சித்தப்பா வீட்டில் இருக்கிறது. வீராசாமி வீட்டார் எங்களோடு பேசுவதில்லை.