கூப்பிட்டால் போகாதே

பிரான்சில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, வகுப்புத் தோழி ஒருத்தி விடுமுறைக்குத் தன் ஊரான ரீயூனியன் தீவுக்கு என்னை அழைத்துப் போனாள். அவளைப் பார்த்தால் காரைக்காலில் எங்கள் மீனவத் தெருப் பெண் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. முன்னோர்கள் காரைக்காலில் கப்பலேறி, கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்கள் என்பது வரைதான் அந்த வீட்டில் தெரிந்திருந்தது.

தீவு அழகுதான். மலை அப்படியே பச்சையாகக் கடலுக்குள் இறங்கும். மூன்றாம் நாள் தோழியின் அப்பா எங்களைக் காரில் கூட்டிப் போனார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் காட்டியது கடலோரத்தில் ஒரு கல் கட்டடம். கப்பலில் வந்தவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க, ஊருக்குள் விடாமல் அங்கேதான் அடைத்துவைத்தார்களாம். இப்போது பழுது பார்த்து, சுற்றிலும் பூச்செடி வைத்திருக்கிறார்கள்.

உச்சிப்பொழுது. அவர்கள் மரத்தடியில் நின்றுவிட, நான் மட்டும் உள்ளே போனேன். நீளமான வெற்று அறை. வெள்ளையடித்த சுவர். பாதி தூரம் நடந்த பிறகுதான் அலைச் சத்தம் நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன்.

"ஏ பாப்பா."

என்னை அப்படிக் கூப்பிடுவது அம்மா மட்டும்தான். குரலும் அம்மாவுடையதே. தலையிலிருந்து மீன்கூடையை இறக்க ஆள் கூப்பிடும்போது வரும் அதே அவசரம்.

"என்னம்மா" என்று திரும்பிவிட்டேன்.

யாரும் இல்லை. வாசல் மட்டும் வெயிலில் வெள்ளையாக நின்றது. அதை நோக்கி எப்படி நடந்தேன் என்று ஞாபகமில்லை. வெளியே வந்ததும் அலை மறுபடி கேட்டது.

தோழியின் அப்பா என் முகத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டார். பிள்ளைகள் வெளியே கிளம்பும்போது நெற்றியில் கைவைத்து ஒரு சொல் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கமாம். அவருடைய அப்பா சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது. ஆசீர்வாதம் என்று நினைக்கிறார்கள், பொருள் தெரியாது. நான் வந்த நாளிலிருந்தே கேட்க நினைத்தாராம்.

"குப்தாபோவா" என்றார்.

புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை காதில் தெளிந்தது. கூப்புட்டா போவாத. எங்கள் தெருவில் சொல்வதைப் போலவே, கடைசி எழுத்தை விழுங்கி.

பொருள் சொன்னேன்.

"யார் கூப்பிட்டால்?" என்று கேட்டார்.

உச்சிவேளையில் கடற்கரைப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் சொல்வது இது, ஒரே தரம் கூப்பிட்டால் அது மனிதக் குரல் இல்லை, பதில் கொடுக்கக் கூடாது என்பார்கள் என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆசைகாட்டித்தான் கப்பலில் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போகாதே என்று அவர்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள், இல்லையா?"



காரில் ஏறியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். நெரவியில் மீன் விற்றுவிட்டு வந்து அப்போதுதான் சோற்றில் கைவைத்திருந்தாள். குரல் கேட்டதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தும் சொல்லிவிட்டேன். மறுமுனையில் தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"பதில் சொன்னியா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"நெசமாதான்."

"நான் கூப்புடல பாப்பா. காலைலேருந்து ஒன் நெனப்பே வரல, அவ்ளோ வேல" என்றாள். பிறகு, தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிடச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை தோழியின் தங்கை கடைவேலைக்குக் கிளம்பினாள். வழக்கம்போல வாசலில் வந்து நெற்றியைக் காட்டி நின்றாள். அவள் அப்பா கைவைத்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவள் சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். தெருமுனை திரும்பும் வரை அவளுடைய செருப்புச் சத்தத்தை அப்பாவும் தோழியும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.