சோப்பு டாக்டரின் இருமல்

எங்கள் வார்டு டாக்டரம்மாவுக்கு நர்ஸுகள் நாங்கள் வைத்த பெயர் சோப்பு டாக்டர். குழந்தைகளுக்கு வரும் தொற்றுநோய்களில் அவரைப் போலக் கெட்டிக்காரரை நான் பார்த்ததில்லை. கை கழுவும் விஷயத்தில் மட்டும் எந்த மாமியாரும் அவரிடம் தோற்றுப்போவார். முழங்கை வரை நுரை வராவிட்டால் பெரிய டாக்டரையே வாசலோடு திருப்பி அனுப்புவார். இத்தனை வருஷம் அவரிடம் திட்டு வாங்கியதில் என் கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம்.

புதிதாக ஒரு குழந்தை வந்தால் தாயிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?" பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் சாதாரண இருமல் என்று அசட்டையாக இருந்துவிடுவார்கள், அதற்கான முதல் தடுப்பூசிகூடப் போடாத பச்சைக்குழந்தைக்கு அது ஒட்டினால் மூச்சே நின்றுவிடும் என்று விளக்குவார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

அந்த மழைக்காலத்தில் அவரே இருமிக்கொண்டிருந்தார். "நாள் பூரா உங்களோட கத்துறேன்ல, தொண்டை கட்டிருச்சு," என்றார்.

"கொஞ்சம் கத்தாம இருங்க மேடம், எங்களுக்கும் நிம்மதி," என்றேன். சிரித்தார். வார்டில் முகக்கவசம் எப்போதும் முகத்தில் இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு காலையில் அவருடைய தங்கை கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். இருமத் தொடங்கிய பிள்ளை நிறுத்தவில்லை. உதடு நீலம் பாரித்தது. டாக்டரம்மா ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டே வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்லக்கா. அன்னைக்கு வந்தப்ப உனக்குத்தான் இருந்துச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போன அன்று கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவியிருந்தார். அந்தத் தைரியத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சியிருந்தார்.

சின்ன டாக்டரை அழைத்துப் பிள்ளையை ஒப்படைத்தார். தன் மூக்கிலிருந்தும் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். இருமுகிறவர் யாரானாலும் உள்ளே வரக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். சோதனையில் கக்குவான் என்றே வந்தது.

தங்கை வராந்தாவுக்கு வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வந்து பாருக்கா. உன்னைத் தவிர யாரையும் நான் நம்பல."

"வரக்கூடாதுடி. உள்ள மத்த குழந்தைங்களும் இருக்கு."

"இருமலைக் குடுக்க மட்டும் வந்தியா?" என்றாள் தங்கை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று, பிள்ளை இருமும்போதெல்லாம் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சின்ன டாக்டருக்கு வேண்டிய யோசனையைப் போனில் சொன்னார். அவரைப் பார்க்கவே எனக்கு அழுகையாக வந்தது.

பிள்ளை பிழைத்துவிட்டான். அவரும் மருந்தை முடித்து, இனி யாருக்கும் ஒட்டாது என்று உறுதியான பிறகுதான் வார்டுக்குள் வந்தார். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை தானாகவே குழந்தையை நீட்டினாள்.

"புடிக்கா. உன்னைத் தேடுறான்."

டாக்டரம்மா கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து, முகக்கவசத்துக்குள் இருமல் வந்தது. கக்குவான் போன பிறகும் இருமல் சுலபத்தில் போகாது. அது தங்கைக்கும் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் வெடுக்கென்று பிள்ளையைத் தன் தோளுக்குத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

"அக்கா, நான் வேணும்னு..."

"இல்லடி," என்றார் டாக்டரம்மா, நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு. "அன்னைக்கே நீ இப்படித் திருப்பியிருக்கணும்."